ஊதுங்கப்பா!

சிகரெட்டை விடுவதற்கு மனஉறுதி வேண்டும் என்கிறார்கள். இப்படிச் சொல்பவர்கள் யார் யார் என்று கவனித்துக்கொண்டே வந்திருக்கிறேன். பாதிப் பேர் வாழ்க்கையில் ஒரு பீடியைக்கூட வாயில் வைக்காதவர்கள். மீதிப் பேர் எப்போதோ விட்டுவிட்டு, விட்ட கதையைச் சொல்வதை மட்டும் இன்னும் விட முடியாதவர்கள்.

என் மாமனார் இரண்டாவது வகை. "ஒரே நாள் மாப்ள. வைகைப் பாலத்துல நின்னேன், பாக்கெட்டோட தூக்கி வீசினேன். அன்னைக்கோட சரி" என்பார். அந்த வருஷம் வைகையில் தண்ணீர் ஓடியதா என்று நான் கேட்டதில்லை. மருமகன் கேட்கக்கூடிய கேள்வி இல்லை அது. மாமியார்தான் ஒருநாள் அடுப்படியிலிருந்தே கேட்டார்: "மணல்லதான விழுந்துச்சு? மறுநா விடியுறதுக்கு முன்ன டார்ச் லைட்ட எடுத்துக்கிட்டு எங்க போனீக?" மாமனார் அன்று ராசிபலன் உட்பட மொத்தப் பேப்பரையும் படித்து முடித்தார்.

என்னிடம் மனஉறுதி என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. டாக்டர் சொன்ன நடைப்பயிற்சிக்கு வாங்கிய ஷூவைப் போட்டுக்கொண்டு டீக்கடை வரை நடந்தவன் நான். அப்படிப்பட்டவனும் சிகரெட்டை விட்டிருக்கிறேன் என்றால் அதற்கு வேறு காரணங்கள் இருக்க வேண்டும். அவற்றில் முதலாவது, பெட்டிக்கடை அண்ணாச்சிக்கு நான் வைத்திருந்த பாக்கி.

பாக்கெட்டாக வாங்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. பாக்கெட்டாக வாங்கினால் நிறையக் குடித்துவிடுவோம் என்று ஒரு கணக்கு. எனவே ஒத்த சிகரெட்டாகவே வாங்கி, பாக்கெட்டுக்காரர்களைவிடக் கூடுதலாகக் குடித்துக்கொண்டிருந்தேன். இதில் ஒரு வசதி உண்டு. 2016 ஏப்ரலிலிருந்து சிகரெட் பாக்கெட்டின் இரண்டு பக்கமும் 85 சதவீதப் பரப்புக்கு எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்பது சட்டம். ஒத்தையாக வாங்குகிறவன் கண்ணில் பாக்கெட்டே படாது. அண்ணாச்சி கல்லாவுக்குப் பின்னால் கையை விட்டு எடுத்து நீட்டுவார். நாம் பார்ப்பது அண்ணாச்சியின் முகத்தை மட்டும்தான். அதில் 85 சதவீதம் அச்சடிக்க இன்னும் சட்டம் வரவில்லை.

ஆனால் அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம். பாக்கிக் கணக்கைக் காலி சிகரெட் அட்டையைப் பிரித்து அதன் வெள்ளைப் பக்கத்தில் எழுதித் தருவார். மாதக் கடைசியில் ஒருநாள் அப்படித் தந்த துண்டை, தொகையைப் பார்த்த அதிர்ச்சியில் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு தொலைபேசி எண்: 1800 11 2356. 2018 செப்டம்பரிலிருந்து எல்லாப் பாக்கெட்டிலும் அதைப் போடுகிறார்கள். புகையிலையை விட நினைப்பவர்களுக்கான அரசு உதவி எண், கட்டணம் கிடையாது. ஒரு பக்கம் பாக்கி, மறுபக்கம் பரிகாரம். இப்படி ஒரே அட்டையில் கிடைத்தால் யார்தான் கூப்பிடாமல் இருப்பார்கள்?

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலிருந்து தமிழிலேயே பேசினார்கள். எதிர்முனையில் ஒரு பெண். என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். பிரசங்கம் வரப்போகிறது என்று காதைச் சற்றுத் தள்ளியே வைத்திருந்தேன். வரவில்லை. "காலையில எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட் சார்?" என்று கேட்டாள். பல் விளக்குவதற்கு முன்னாலா பின்னாலா என்று நான் யோசிப்பதற்குள் அவளே புரிந்துகொண்டு எழுதிக்கொண்டாள். எந்தெந்த நேரத்தில், யாரோடு, எதற்குப் பிறகு என்று வரிசையாகக் கேட்டாள். என் சம்சாரம்கூட இவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை. அவள் விசாரிக்கும் விதம் வேறு. கடைசியில், "ஒரு வாரத்துக்குள்ள ஒரு தேதி முடிவு பண்ணுங்க சார். அன்னைக்கு நாங்களே கூப்பிடுறோம்" என்றாள்.

தேதி குறிப்பது என்றால் எங்கள் வீட்டில் சும்மாவா? அம்மா தினசரி காலண்டரைச் சுவரிலிருந்தே கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். நான் சொன்ன செவ்வாய் ஆகாது. புதன் அஷ்டமி. வியாழன் கரிநாள். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து எதையும் வெளியே விடக்கூடாது. "அது என்னம்மா, சிகரெட்டுமா?" என்றேன். "எதையுமேன்னா எதையுமேதான்." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "கடன் அடைக்கிறது, சனியன விட்டு ஒழிக்கிறதெல்லாம் தேய்பிறைலதான்யா பண்ணணும். அப்பத்தான் தேஞ்சு போகும்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். பெங்களூருப் பெண்ணிடம் சொன்னேன். தேய்பிறை விவரத்தையும் சொன்னேன். ஒரு நொடி மௌனம். "நல்ல நாள்தான் சார்" என்றாள். பயிற்சி பெற்ற ஆலோசகர் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஒரு இழுப்பில் போகும் நிகோடின் பத்திருபது வினாடிக்குள் மூளைக்குப் போய்விடுமாம். மதுரையில் வேறு எதுவும் அவ்வளவு சீக்கிரம் எங்கேயும் போய்ச் சேர்வதில்லை. இரண்டு மணி நேரத்தில் அதில் பாதி ரத்தத்திலிருந்து இறங்கிவிடும். உடனே மூளை அடுத்ததற்கு ஆள் அனுப்பும். முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம், பிறகு சில வாரங்களில் மெல்லத் தணியும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். இன்னொன்றும் சொன்னாள்: ஒவ்வொரு முறை ஆசை கிளம்பும்போதும் அது சில நிமிஷம்தான் நிற்கும். அதுவரை தள்ளிப் போடுங்கள், தண்ணீர் குடியுங்கள், மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள், கையை வேறு வேலைக்கு அனுப்புங்கள்.

சில நிமிஷம் என்பதை முதலில் நான் நம்பவில்லை. கோரிப்பாளையம் சிக்னலில் வைத்துச் சோதித்தேன். சிக்னலுக்கு வரும்போது ஒன்று பற்ற வைத்தால்தான் உயிர் தங்கும் என்று இருந்தது. அங்கே நிற்கும் நெரிசலில் பற்ற வைக்கவும் வழியில்லை, ஓரங்கட்டவும் இடமில்லை. வண்டிகள் நகர்ந்து, நான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது ஆசை போயே போய்விட்டிருந்தது. ஆசை மாத்திரம் இல்லை, எங்கே கிளம்பினேன் என்பதும் மறந்திருந்தது. அதற்குப் பிறகு ஆசை வரும்போதெல்லாம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோரிப்பாளையம் போய் நின்றிருக்கிறேன். நகரின் போக்குவரத்து நெரிசலால் பயனடைந்த ஒரே குடிமகன் நானாகத்தான் இருக்க வேண்டும்.

வீட்டில் உதவி வேறு ரூபத்தில் வந்தது. சம்சாரம் ஒரு டப்பா நிறைய ஹால்ஸ் மிட்டாய் வாங்கி மேஜையில் வைத்தாள். "ஆசை வந்தா இதப் போட்டுக்கங்க." நல்ல எண்ணம்தான். ஆனால் இத்தனை வருஷமும் நான் ஹால்ஸ் போட்டதெல்லாம் சிகரெட் குடித்த கையோடு, வாசம் தெரியாமலிருக்க. என் நாக்கைப் பொறுத்தவரை ஹால்ஸ் என்பது சிகரெட்டின் பிற்பகுதி. வாயில் போட்டதும், முற்பகுதி எங்கே என்று அது தேட ஆரம்பித்துவிட்டது. கொய்யா இலையும் அப்படியே. தொட்டியில் இருந்த கொய்யாச் செடியைப் பார்த்தாலே கை சட்டைப் பைக்குப் போயிற்று. இந்த விஷயத்தைச் சம்சாரத்திடம் விளக்கினால், இதுவரை கொய்யாச் செடி ஏன் வளரவே இல்லை என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். எனவே டப்பாவைப் பேசாமல் மகளிடம் கொடுத்துவிட்டு, சோம்புக்கும் அவிச்ச கடலைக்கும் மாறினேன்.

அடுத்து, கட்டுரைகளில் யாரும் எழுதாத ஒரு சங்கடம். காலையில் ஒரு சிகரெட் இல்லாமல் போகாது என்று நம் ஆட்கள் சொல்வதைச் சாக்கு என்று நினைக்காதீர்கள். குடலை முடுக்கிவிடுவதில் நிகோடினுக்கு நிஜமாகவே பங்கு உண்டு. முடுக்க ஆள் இல்லையென்று தெரிந்ததும் என் குடல் காலவரையற்ற வேலைநிறுத்தம் அறிவித்தது. காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன். வெளியே அம்மா, "கடுக்காய்ப் பொடி கலக்கட்டுமாய்யா?" என்பார். கொஞ்ச நேரம் கழித்து மகள், "அப்பா, எனக்கு பஸ் வந்துரும்" என்பாள். இப்படி ஒரு வீடே வாசலில் காத்திருக்கையில் யாருக்கு என்ன நடக்கும்? பெங்களூரிலிருந்து அடுத்த அழைப்பு வந்தபோது அந்தப் பெண்ணே, "மோஷன் எல்லாம் சரியா போகுதா சார்?" என்று கேட்டாள். கூச்சமே இல்லை. கீரை, வாழைப்பழம், நிறையத் தண்ணீர், கொஞ்சம் நடை, சில வாரத்தில் சரியாகிவிடும் என்றாள். ஆயிற்று. இந்திய அரசுக்கும் எனக்கும் இடையே இவ்வளவு நெருக்கமான உரையாடல் இதற்கு முன் நடந்ததில்லை.

காபி விவகாரம் இதைவிட விநோதம். சிகரெட் போன துக்கத்தை ஆற்ற எல்லோரும் காபி கொடுத்தார்கள். நானும் குடித்தேன். ராத்திரி தூக்கம் இல்லை, கை நடுக்கம், எரிச்சல். மிக்ஸி ஓடினாலே சண்டைக்குப் போனேன். "பேசாம ஒண்ணக் குடிச்சிட்டு வந்துருங்களேன், குடும்பம் நிம்மதியா இருக்கும்" என்று சம்சாரமே சொல்லும் கட்டம் வந்தது. எல்லாம் சிகரெட் இல்லாத குறை என்று நினைத்துக்கொண்டு டாக்டரிடம் போனால், அவர் பாதிக் குற்றத்தைக் காபி மேல் போட்டார். சிகரெட் புகையில் இருக்கும் சில பொருள்கள் கல்லீரலை முடுக்கி, காபியில் உள்ள காஃபீனை வேகமாகக் கரைக்க வைக்குமாம். சிகரெட் நின்றால் கல்லீரல் சாதாரண வேகத்துக்கு வந்துவிடும். அதே அளவு காபி குடித்தாலும் ரத்தத்தில் காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தங்கும். "பாதியாக் குறைங்க" என்றார். குறைத்தேன். மிக்ஸிக்கும் எனக்கும் சமாதானம் ஆயிற்று. விடுகிறவர்களிடம் இதை முதல் நாளே சொல்லித் தொலைத்தால் எத்தனை குடும்பங்கள் பிழைக்கும்!

நிகோடின் சூயிங்கம் என்று ஒன்று இருக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும். அதற்கென்று ஒரு முறையும் உண்டு. மெல்ல மெல்லக் கடிக்க வேண்டும். வாயில் சுருக்கென்று ஏறியதும் மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவிட வேண்டும். சுருக்கு குறைந்தால் மறுபடி இரண்டு கடி. காபியோ சோடாவோ குடித்த 15 நிமிஷத்துக்குள் போட்டால் சரியாக ஏறாது. என்னோடு சேர்ந்து விடுவதாக ஒப்பந்தம் போட்டிருந்த கூட்டாளிக்கு இந்த முறையெல்லாம் ஆகாது. ஒரு வில்லையை வாயில் போட்டு, சாதாரண சூயிங்கம் என்று கருதி, மாட்டுத்தாவணியில் பஸ் ஏறியதிலிருந்து அரைத்துத் தள்ளியிருக்கிறான். விக்கல் பிடித்துக்கொண்டது. மேலூர் வரை விக்கல். யாரோ நினைக்கிறார்கள் என்று பக்கத்து சீட்டுப் பெரியவர் ஊர்ப் பெயராகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். கண்டக்டர் தண்ணீர் பாட்டில் கொடுத்திருக்கிறார்.

இன்னும் விக்கல் அடங்காமல் வந்து நின்றவனுக்கு முறையைச் சொல்லிக் கொடுத்தது என் அப்பத்தா. ஆயுசு முழுக்க வெற்றிலையும் புகையிலையுமாக வாழ்ந்தவர். "அரைக்கக் கூடாதுடா கூறுகெட்டவனே, அதக்கணும்" என்று கடைவாயில் விரலை வைத்துச் செய்து காட்டினார். டாக்டர் படம் வரைந்து சொன்னதைவிடத் தெளிவாக இருந்தது. செய்து காட்டிய கையோடு கூட்டாளி, "நீங்களும் இத விட்டுறலாம்ல அப்பத்தா? வாய்ப் புத்து வரும்னு சொல்றாகல்ல" என்றான். அப்பத்தா அவனை ஒரு பார்வை பார்த்தார். விக்கல் நின்றுவிட்டது.

ஆனால், இவ்வளவையும் தாண்டி எனக்கு நிஜமாகக் குறையாகத் தெரிந்தது புகை அல்ல. சைக்கிள் ஸ்டாண்டு.

எங்கள் அலுவலகத்தில் ஒரு காலத்தில் சூப்பரின்டெண்டென்ட் மேஜையிலேயே ஆஷ்ட்ரே இருந்தது. 2008 அக்டோபர் 2-ஆம் தேதி, அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது, பொது இடங்களில் புகைப்பதற்குத் தடை நடைமுறைக்கு வந்தது. 200 ரூபாய் வரை அபராதம். அதுவரை அவரவர் நாற்காலியில் தனித்தனியாகப் புகைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கட்டடத்துக்குப் பின்னால் சைக்கிள் ஸ்டாண்டில் ஒன்றுகூட வேண்டியதாயிற்று. தடை போட்டவர்கள் தங்களை அறியாமல் எங்களுக்கு ஒரு சங்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். டிரைவர், டபேதார், சூப்பரின்டெண்டென்ட், தணிக்கைக்கு வந்த வெளியூர் அதிகாரி எல்லோருக்கும் ஒரே தீப்பெட்டி. யாருக்கு மாறுதல், யாருக்கு மெமோ, எந்த ஃபைல் எந்த பீரோவுக்கு அடியில் என்பதெல்லாம் அங்கேதான் வெளியாகும். மே மாதம், மாறுதல் சீசன். அந்த நேரம் பார்த்து நான் நாற்காலியில் உட்கார்ந்து சோம்பு மென்றுகொண்டிருந்தேன்.

பெங்களூருப் பெண், "கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகாம இருக்க முடியுமா சார்?" என்று கேட்டாள். "போகாம இருக்கலாம்மா. ஆனா என்னைத் தூக்கி ராமநாதபுரத்துல போட்டுட்டா, ஆர்டர் வந்த பிறகுதான் எனக்கே தெரியும்" என்றேன். தீர்வு கண்டவர் எங்கள் டிரைவர். சங்கத்தின் மூத்த உறுப்பினர். "நீங்க வராதீங்க சார். முடிச்சிட்டு நானே வந்து சொல்றேன்" என்றார். தினமும் பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் என் மேஜையருகே வந்து, ஃபைல் தேடும் பாவனையில் குனிந்து, சேதியைச் சொல்லிவிட்டுப் போவார். வருவதற்கு முன் வாயைக் கொப்பளித்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பார். நான் கேட்டுக்கொண்டதில்லை. விடும்படி ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை, பாராட்டியதும் இல்லை. எனக்குக் கிடைத்த உதவிகளில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

பேசி உதவியவர்கள் கதை வேறு. "எத்தனை நாள் ஆச்சு?" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் பாயசம் பரிமாறுகிறவர்கூட வாளியை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஆசை அடங்கி, மறந்து, நிம்மதியாக அப்பளத்தை நொறுக்கும் நேரத்தில் இந்தக் கேள்வி வந்தால் சிகரெட் நேராகக் கண்முன் வந்து நிற்கும். சினிமாவும் அப்படித்தான். 2012-லிருந்து, திரையில் யாராவது புகைத்தால் ஓரத்தில் எச்சரிக்கை வாசகம் வருகிறது. கதாநாயகன் பற்ற வைத்ததைக்கூடக் கவனிக்காமல் இருந்தவனை, வாசகம் கூப்பிட்டுக் காட்டிக் கொடுக்கும்.

மகள் வைத்த சோதனை ஒன்றுதான் எனக்குப் பிடித்திருந்தது. சாயங்காலம் வாசலில் குறுக்கே கையை நீட்டி, ராத்திரி ரோந்து போலீஸ்காரர் மிடுக்கோடு, "ஊதுங்கப்பா!" என்பாள். ஊதுவேன். முகர்ந்து பார்த்து, "சோம்பு. போகலாம்" என்று வழிவிடுவாள். சம்பளத்தையே ஊதித் தள்ளியவனை வாசலில் ஊதவிட்ட குடும்பம்.

அண்ணாச்சியிடம் வருகிறேன். நான் போகாமல் இருந்த நாட்களில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பால் பாக்கெட் வாங்கப் போனால் பால் பாக்கெட் கொடுத்தார். ஒருநாள் அலுவலகத்தில் பெரிய சண்டை. நேராகக் கடைக்குப் போய் வழக்கமானதைக் கேட்டேன். அண்ணாச்சி தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது இல்லயே சார். அந்த பிராண்ட இந்தத் தெருவுல உங்களத் தவிர யாரு குடிக்கா? கிடந்து நமுத்துப் போவுது. எடுக்கதயே நிறுத்திட்டேன்." வேறு பிராண்டு என்றால் எனக்கு இருமல் வரும். அடுத்த கடையில் எனக்குப் பாக்கிக் கணக்கு கிடையாது. சட்டைப் பையில் சில்லறையும் இல்லை. மனஉறுதி செய்ய வேண்டிய வேலையை ஒரு பெட்டிக்கடையின் கொள்முதல் முடிவு செய்துவிட்டது. கடலை மிட்டாய் ஒன்றை வாங்கிப் பாக்கியில் எழுதச் சொல்லிவிட்டு வந்தேன்.

மற்ற பலன்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூக்கு திரும்பி வந்தது. முதலில் மல்லிகைப்பூ வாசம் வந்தது. மகிழ்ந்தேன். மறுநாள் கிருதுமால் வாய்க்காலைக் கடந்தபோது இன்னொரு வாசமும் வந்தது. விட்டவர்களுக்கு முதல் வருஷத்தில் சராசரியாக நான்கைந்து கிலோ கூடும் என்கிறார்கள். என் தையல்காரர் என்னைச் சராசரியில் சேர்ப்பதில்லை.

உங்கள் வீட்டில் யாராவது விட முயன்றுகொண்டிருந்தால், தயவுசெய்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்காதீர்கள். காபியைப் பாதியாக்குங்கள், வாழைப்பழம் வாங்கி வையுங்கள், காலையில் கதவைத் தட்டாதீர்கள். விடப் போகிறவர் நீங்களே என்றால் 1800 11 2356-ஐக் கூப்பிடுங்கள். நான் பேசிய காலத்தில் காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணி வரை, திங்கட்கிழமை விடுமுறை. தேதி குறிக்கும்போது ராகுகாலத்தோடு சேர்த்து இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.